எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்

மனித நடத்தை ஆய்வு நிலையத்துக்கு ரிஃபாத் போனது ஒரு ஜோடி ஷூவைக் கொடுத்துவிட்டு வருவதற்குத்தான். அங்கே பேராசிரியராக இருக்கும் ஃபிக்ரிக்கு வலது காலைவிட இடது கால் சற்றுப் பெரிது. அதற்கென்று சொல்லிச் செய்த கறுப்பு ஷூ. மன்ஷிய்யா சதுக்கத்துக்குப் பின்னால் தான் வேலை பார்க்கும் ஷூ கடையிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிராமில் வந்து, ஷாத்பியில் இறங்கி, நிலையத்தின் வாசல் காவலரிடம் ஒப்படைத்தார். காவலர் உள்ளே போனார். ரிஃபாத் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த பெஞ்சு ஆய்வில் பங்கேற்க வருகிறவர்களுக்கானது என்பது அவருக்குத் தெரியாது.

ரிஃபாத் பயந்த சுபாவம். கடையில் யாராவது குரலை உயர்த்தினால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகுதான் என்ன விஷயம் என்று விசாரிப்பார். இருபது வருடமாக எங்கள் கட்டடத்தில் குடியிருக்கிறார். லிஃப்டில் யாராவது இருந்தால் படியேறிப் போவார், இடித்துவிடுவோமோ என்று.

அப்படிப்பட்டவரின் முன்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். "வாங்க உஸ்தாத். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றாள், 'ஐயா' என்கிற மரியாதையில். இல்லை என்று சொன்னால் அவள் மனம் கஷ்டப்படும் என்று ரிஃபாத் எழுந்து பின்னால் போனார்.

அவள் பெயர் ரபாப். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு சின்ன அறையில் அவரை உட்காரவைத்துவிட்டு, தீர்ப்பு வாசிக்கிற குரலில் அவருடைய உரிமைகளை வாசிக்க ஆரம்பித்தாள்.

"இதுல கலந்துக்கிறது முழுக்க முழுக்க உங்க இஷ்டம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல."

"ரொம்ப சந்தோஷம். அப்ப நான் கிளம்பட்டுமா? கடையில தேடுவாங்க."

"தாராளமா. எப்ப வேணா விலகிக்கலாம். அது உங்க உரிமை."

"அப்ப விலகிக்கிறேன்மா."

ரபாப் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க இன்னும் சேரவே இல்லையே. சேராதவர் எப்படி விலகுறது? முதல்ல கையெழுத்துப் போடுங்க."

அதில் நியாயம் இருப்பதாகவே ரிஃபாத்துக்குப் பட்டது. விலகுவதற்காகக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப விலகிக்கலாமா?"

"தாராளமா. ஏன்னு காரணம் சொல்லணும்னுகூட அவசியம் இல்ல. ஆனா காரணம் சொல்லாம விலகுறவங்களைப் பத்தி எங்க நிலையத்துல தனியா ஒரு ஆய்வு நடக்குது. உங்களை அதுல சேர்த்துடுவோம். அது கொஞ்சம் நீளமான ஆய்வு. வருஷக்கணக்குல போகும்."

ரிஃபாத் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்.

அடுத்ததாக அவள் ஆபத்துகளை வாசித்தாள். நெஞ்சு படபடக்கலாம். தூக்கம் கெடலாம். நெருங்கியவர்கள் மேல் சந்தேகம் வரலாம். காரணமில்லாத அச்சம் ஏற்படலாம். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அதது அவருக்கு உடனுக்குடன் ஏற்பட்டது.

"கடைசியா ஒண்ணு. இந்த ஆய்வுல சில விஷயங்கள் உண்மையா இருக்காது. சில ஆட்கள் அவங்க சொல்ற ஆளா இருக்கமாட்டாங்க. இதைச் சொல்லிடணும்னு எங்க நெறிமுறைக் குழு கண்டிப்பா சொல்லியிருக்கு."

"எந்த விஷயம்மா உண்மையா இருக்காது?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் எப்படி உஸ்தாத் ஏமாறுவீங்க? ஆய்வு செல்லாமப் போயிடும்."

சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மேஜைமேல் ஒரு கோப்பை சோம்புத் தண்ணீர் இருந்தது. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று ரிஃபாத்துக்குத் தோன்றியது. சோம்புத் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகுமோ என்று பயந்தார். குடிக்காமல் விட்டால் என்ன நினைப்பார்களோ என்று அதைவிடப் பயந்தார். பாதி குடித்தார். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். உள்ளங்கை வியர்த்து, கால்சட்டையில் துடைத்தார். துடைத்தது தெரிந்திருக்குமோ என்று பதறினார். வேறு எதுவும் நடக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நன்றி உஸ்தாத். நீங்க போகலாம்."

"முடிஞ்சுதா?"

ரபாப் புன்னகை செய்தாள். "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"முடிஞ்சுதா இல்லையான்னுகூடவா?"

"எல்லாத்தையும் கடைசியில விளக்கிச் சொல்லுவோம். அது உங்க உரிமை. குழு கூடி அனுமதி குடுக்கணும். குழு எப்ப கூடும்னு முன்கூட்டியே சொன்னா நீங்க எதிர்பார்க்க ஆரம்பிச்சிடுவீங்க, அதனால அதையும் சொல்றதில்ல."

திரும்பி வரும்போது டிராமில் எதிரே உட்கார்ந்திருந்தவன் ரிஃபாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் டிராமில் எதிரே உட்கார்கிறவன் பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அன்று ரிஃபாத் அவனை நிலையத்து ஆள் என்றே நினைத்தார்.

அன்றிலிருந்து அவர் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கவனிக்கப்படுகிற மனிதன் நல்லவனாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவுசெய்திருந்தார். கடையில் ஓர் அம்மாள் அலமாரியிலிருந்த ஷூ முழுவதையும் இறக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் எழுந்தாள். ரிஃபாத் அவள் காதருகே குனிந்து, "நான் கோபப்படவே இல்ல, குறிச்சுக்கோங்க" என்றார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

கடற்கரைச் சாலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நின்று, "யாராவது என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விடுங்களேன்" என்று கேட்டார். ரிஃபாத் நின்றுவிட்டார். இதுதான் பரீட்சை. உதவி செய்தால் ஏமாந்தவன் என்று எழுதுவார்கள். செய்யாவிட்டால் ஈரமில்லாதவன் என்று எழுதுவார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் தோளைத் தட்டி, "ரொம்ப இயல்பா பண்றீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

அவருடைய மனைவி நாஹித் இதையெல்லாம் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ரிஃபாத், நீ எதுக்கு என்னைப் பார்த்து இப்படி இளிக்கிற? கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிச் சிரிச்சவன் இல்லையே நீ."

"முலூகிய்யா கீரை அருமையா இருக்கு, நாஹித்."

"உப்பே போடல. நான் போட மறந்துட்டேன். உனக்கு என்ன ஆச்சு?"

ரிஃபாத் அவளை உற்றுப் பார்த்தார். உப்பு போட மறப்பவள் இல்லை அவள். "உன்கிட்ட யாராவது வந்து பேசினாங்களா? வெள்ளைக் கோட்டு போட்டவங்க?" என்று மெல்லக் கேட்டார்.

நாஹித் அன்று தன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். போகும்போது, "நீ பயப்படுறதை நான் இத்தனை வருஷமா பார்த்திருக்கேன். இன்னிக்குத்தான் உன்னைப் பார்த்து எனக்கு பயமா இருக்கு" என்று சொன்னாள்.

மன உளைச்சல் ஏற்பட்டால் கூப்பிடுவதற்கென்று நிலையத்தார் ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். ரிஃபாத் கூப்பிட்டார். ஒரு கனிவான ஆண் குரல் பேசியது.

"உங்க மனநலத்துல எங்களுக்கு ரொம்ப அக்கறை. நீங்க பேசுறது ஆலோசகர்கிட்டயா, இல்ல ஆலோசகர் மாதிரி பேசுற ஒருத்தர்கிட்டயாங்கிறதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடியாது. சொல்லுங்க, உங்க கவலை என்ன?"

ரிஃபாத் கவலை ஒன்றும் இல்லை என்று சொல்லி, சிரித்து, போனை வைத்தார். மறுநாள் நேராக நிலையத்துக்கே போய் ரபாப்பின் முன்னால் நின்றார்.

"அம்மா, நான் விலகிக்கிறேன். பயமா இருக்கு."

"பயமாவா?" அவள் கண்களில் ஒரு மலர்ச்சி வந்தது. "எந்த மாதிரி பயம்? வயித்துலயா, நெஞ்சுலயா?"

"எல்லா இடத்துலயும். என்னை விட்டுடுங்க."

"கண்டிப்பா விட்டுடுவோம். ஆனா உஸ்தாத், விலகுறதும் நீங்க சுதந்திரமா எடுக்கிற முடிவா இருக்கணும். பயத்துல எடுக்கிற முடிவு சுதந்திரமான முடிவு இல்லைன்னு எங்க விதி சொல்லுது. உங்களைப் பாதுகாக்கத்தான் அந்த விதி. முதல்ல பயம் தெளியட்டும். அப்புறம் வாங்க, உடனே விலக்கிடுறோம்."

"பயம் தெளிஞ்சா நான் எதுக்கும்மா விலகப்போறேன்?"

"பார்த்தீங்களா? அப்ப பிரச்சினையே இல்ல" என்று ரபாப் சந்தோஷமாகச் சொன்னாள்.

குளிர்காலத்தின் பெரிய புயல் வந்தது அந்த வாரத்தில்தான். கடல் சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. ரிஃபாத் நனைந்துபோய்க் கடையிலிருந்து வந்தார். கட்டடத்துக்குள் மாடிப்படி விளக்கு மங்கி மங்கி எரிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆரஞ்சுப் பழங்கள் படிவழியாக உருண்டு வந்தன. ஏறிப் பார்த்தார். கேப்டன் ஸகரிய்யா சுவரில் சாய்ந்து கிடந்தார்.

ஸகரிய்யா துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதிர்வீடு. தனி ஆள். வாய் ஓயாமல் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருக்கிறவர். இப்போது ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை ரிஃபாத்தை நோக்கி நீட்டினார். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்றுதான் ரிஃபாத்துக்கு முதலில் தோன்றியது. உடனே இன்னொன்று தோன்றியது: ஆளில்லாத மாடிப்படி, மங்கலான வெளிச்சம், உருளும் ஆரஞ்சு, பேச முடியாத கிழவர். எல்லாம் கொஞ்சம் அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருந்தது. கடைசியில் எதிர்வீட்டுக்காரரையும் பிடித்துவிட்டார்கள். எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்தார்கள்! இன்று ஒரு தடவையாவது தான் ஏமாறவில்லை என்று காட்டிவிட வேண்டும்.

ரிஃபாத் கை தட்டினார். பலமாகத் தட்டினார்.

"பிரமாதம் கேப்டன்! உங்களையும் சேர்த்துட்டாங்களா? எழுந்திருங்க, தரை ஜில்லுனு இருக்கு."

கேப்டன் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. ரிஃபாத் இன்னும் பலமாகத் தட்டினார்.

மேல்மாடியில் கதவு திறந்தது. ஹாஜ்ஜா தவ்ஹீதா கைப்பிடிச் சுவரில் குனிந்து, "எவன்டா அவன் மாடிப்படியில கச்சேரி வெக்கிறது?" என்று கத்தினாள். கத்தியவள் கீழே பார்த்தாள். மறுகணம் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். வந்த வேகத்தில் ரிஃபாத்தின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"கண்ணு அவிஞ்சுபோச்சா? அவர் உதட்டைப் பாருடா!"

ரிஃபாத் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது. பல்செட்டு கழன்று ஒருபக்கம் தொங்கியது. கால்சட்டை நனைந்து, படியில் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. எந்த நடிகனும் தன்னை இந்த நிலையில் பார்க்க விடமாட்டான் என்பது ரிஃபாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா அலறலா என்று ஹாஜ்ஜாவுக்கு இன்றுவரை தெரியாது.

கட்டடத்து ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேப்டனைப் போர்வையில் தூக்கினோம். தலைப்பக்கம் ரிஃபாத் பிடித்தார். ஆம்புலன்ஸில் ஏறி, மருத்துவமனை நடையில் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தார்கள். இத்தனை நாள் எதைக் கண்டு நடுங்கினாரோ அதையே இப்போது வேண்டிக்கொண்டார். யா ரப்பே, யாராவது ஒருத்தர் வெளியே வந்து, "எல்லாம் பொய் உஸ்தாத், வெறும் ஆய்வு" என்று சொல்லட்டும். கேப்டன் பின்னாலேயே எழுந்து வந்து கிண்டல் செய்யட்டும்.

யாரும் வரவில்லை. விடிந்து, வெயில் வந்து, மதியமானதும் ஒரு செவிலியர் வந்து, ஆபத்து தாண்டிவிட்டது என்று சொன்னார்.

கேப்டன் குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தார். ரிஃபாத் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி கடகடவென்று ஆடியது.

"கையை எடுடா. கட்டில் ஆடுது, கப்பல்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்றார் கேப்டன், ஈனக்குரலில்.

"கேப்டன், நேத்து நான்…"

"நீயாடா கை தட்டினது?"

ரிஃபாத் தலையாட்டினார்.

"நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு நெனச்சேன். மலக்குங்க சொர்க்க வாசல்ல நின்னு வரவேற்கிறாங்கன்னு. நான் பண்ணின அழும்புக்கு இப்படி ஒரு வரவேற்பான்னு எனக்கே கூச்சமா போச்சு." கேப்டன் சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்திக்கொண்டார். பிறகு கண்ணை மூடியபடி கேட்டார். "ஏன்டா அப்படிப் பண்ணின? நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

ரிஃபாத் ஆய்வு என்றும் கண்ணாடி என்றும் ஏதோ உளறினார். கேப்டன் தூங்கிவிட்டார்.

அங்கிருந்து அவர் நேராக நிலையத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கூப்பிடாத இடத்துக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். உள்ளே நெறிமுறைக் குழு கூடியிருந்தது. நீண்ட மேஜை. நடுவில் தலைவர், பேராசிரியர் ஃபிக்ரி. ஒருபக்கம் ஒரு வழக்கறிஞர். மறுபக்கம் பொதுமக்களின் பிரதிநிதி. அவர் பேராசிரியரின் மைத்துனர். மூலையில் ரபாப் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் தட்டில் பஸ்பூஸா என்கிற ரவை இனிப்பு இருந்தது.

"என்னை விடுங்க" என்றார் ரிஃபாத். "ஒரு மனுஷன் சாகக் கிடந்தார். நான் நின்னு கை தட்டினேன். இப்படியே போனா நான் என்ன ஆவேன்னு தெரியல. என்னை விட்டுடுங்க."

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு விரல்களைக் கோத்துக்கொண்டு பேசினார்.

"உஸ்தாத், உட்காருங்க. இந்த நிலையத்துல மனிதன்தான் எல்லாத்துக்கும் மேல. முந்தி ஒரு காலத்துல ஆய்வுக்கு வர்றவங்களுக்கு ஷாக் குடுத்தாங்க, பட்டினி போட்டாங்க. காட்டுமிராண்டித்தனம்! நாங்க அந்த மாதிரி எந்தக் கஷ்டமும் குடுக்கறதில்ல. கஷ்டம் வரும்னு மட்டும் சொல்லுவோம். மீதியை மனுஷனே பார்த்துக்கிறான். செலவும் குறைச்சல், மனசாட்சியும் சுத்தம். நீங்க பயந்தீங்கன்னா அது உங்க சொந்தப் பயம். நாங்க அதைக் குடுக்கல. அளக்க மட்டும்தான் செய்யறோம்."

வழக்கறிஞர் பேனாவைத் தட்டினார். "அந்தச் சாகக் கிடந்தவர் எங்க ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"இல்லங்க. அவர் எதிர்வீட்டுக்காரர்."

"அப்ப அவருக்கு ஏற்பட்டது பாதிப்பு இல்ல. பாதிப்புங்கிறது கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான் ஏற்படும். மத்தவங்களுக்கு நடக்கிறது வெறும் சம்பவம்."

குழு தலையசைத்தது. மைத்துனர் பொதுமக்களின் சார்பில் தலையசைத்தார்.

அப்போது மூலையிலிருந்து ரபாப் எழுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"உஸ்தாத், உங்களுக்கு நாங்க எதுவுமே செய்யல. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்குன்னு சில பேரை சும்மா உட்காரவெச்சு அனுப்புவோம். நீங்க அதுல ஒருத்தர். அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. வெளிய யாரையும் நாங்க அனுப்பல. யாரையுமே."

ரிஃபாத் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"டிராம்ல பார்த்தவன்?"

"டிராம்ல வந்தவன்."

"ரோட்டோரம் நின்னாரே, கண்ணு தெரியாதவர்…"

ரபாப் தரையைப் பார்த்தாள்.

அத்தனையும் பொய் என்று பயந்தது ஒரு பயம். அத்தனையும் நிஜம் என்பது தெரிந்தபோது வந்தது வேறு. அந்தக் குருடர் எப்படிச் சாலையைக் கடந்தாரோ! கடந்தாரோ இல்லையோ!

"ரபாப்!" பேராசிரியர் மேஜையைத் தட்டினார். "என்ன காரியம் பண்ணிட்ட? ஒப்பீட்டுக் குழுவுல இருக்கிறதா அவருக்கே தெரிஞ்சா அப்புறம் ஆய்வு எப்படிச் செல்லுபடியாகும்?" பிறகு ரிஃபாத்தின் பக்கம் திரும்பிக் கனிவாகச் சொன்னார்: "உஸ்தாத், இப்ப கேட்டதை நீங்க கேட்கவே இல்லைன்னு வெச்சுக்க உங்களுக்குச் சம்மதமா? கட்டாயம் இல்ல."

இந்த இடத்தில்தான் மைத்துனர் பேராசிரியரின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது.

"இந்த ஆளைப் பாருங்க. இவ்வளவு பயப்படுறவன் நிஜத்துல இருப்பானா? அமைச்சகத்துல இருந்து சொல்லாம கொள்ளாம சோதனை வரும்னு போன மாசம் சொன்னாங்களே. நம்ம குழு எப்படி நடந்துக்குதுன்னு பார்க்க அனுப்பின ஆளா இருந்தா?"

வழக்கறிஞரின் பேனா நின்றது. மூன்று பேரும் ரிஃபாத்தைப் பார்த்தார்கள். கிழிந்த சட்டைக் காலர், தூங்காத கண், நடுங்கும் விரல். எல்லாம் கொஞ்சம் அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருந்தது.

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை ரிஃபாத்துக்குத் தெரியும். வாரக்கணக்கில் அதைத் தன் முகத்தில் சுமந்து திரிந்தவர் அவர்.

"நாற்காலி வசதியா இருக்கா உஸ்தாத்?" என்றார் வழக்கறிஞர். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. "ஜன்னலைச் சாத்தட்டுமா?"

"உங்க நலன்தான் எங்களுக்கு முக்கியம்" என்றார் மைத்துனர், கண்ணுக்குத் தெரியாத யாரோ எழுதிக்கொள்வதற்கு வசதியாக நிறுத்தி நிதானமாக.

"பஸ்பூஸா எடுத்துக்கோங்க" என்றார் பேராசிரியர். தான் பதறவில்லை என்று காட்டுவதற்காகத் தானும் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நாங்க எப்பவுமே இப்படித்தான். ஒளிவு மறைவே கிடை…"

வார்த்தை பாதியில் நின்றது. பஸ்பூஸாவின் மேல் பதித்திருந்த முழு பாதாம் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பேராசிரியர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கண்கள் பிதுங்கின. மேஜையை ஓங்கி ஓங்கி அறைந்தார்.

வழக்கறிஞர் பாதி எழுந்தார். பிறகு ரிஃபாத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சோதனை ஆரம்பித்துவிட்டது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. மைத்துனரோ, பேராசிரியரும் அமைச்சகமும் சேர்ந்து தன்னைத்தான் சோதிக்கிறார்கள் என்று நினைத்தார். குடும்ப விருந்துகளில் பேராசிரியர் அவரை அப்படிச் சோதிப்பதுண்டு. யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே இருவரும் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரபாப் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். ஆனால் தலைவரைத் தொட யார் அனுமதி கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அனுமதி கொடுக்கிறவரின் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது.

ரிஃபாத்துக்கும் தெரியவில்லை. எது நிஜம் என்று இப்போதும் தெரியவில்லை. ஒருவேளை அந்தச் சின்ன அறையில் தொடங்கியது இன்னும் முடியாமல் இதுவரைக்கும் வந்திருக்கலாம். ரபாப் சொன்னதே பொய்யாக இருக்கலாம். எழுந்து போய்த் தொட்டால் எல்லோரும் கொல்லென்று சிரிக்கலாம். கால் மரத்துப்போயிருந்தது. அந்தக் காலோடு எழுந்து, மேஜையைச் சுற்றி ஓடி, பேராசிரியரைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வயிற்றுக்கு மேலே ஓங்கி அழுத்தித் தூக்கினார். ஒன்றும் ஆகவில்லை. அழுதுகொண்டே மறுபடியும் தூக்கினார். மறுபடியும்.

பாதாம் பறந்து போய் வழக்கறிஞரின் குறிப்புகள் மேல் விழுந்தது.

பேராசிரியர் மூச்சை இழுத்த சத்தம் நடைவரைக்கும் கேட்டது. இருமினார். கண்ணீர் வழிந்தது. நாற்காலியில் சரிந்தார். வழக்கறிஞரும் மைத்துனரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"யாரைக் கேட்டு…" பேராசிரியருக்குக் குரல் வர நேரமாயிற்று. "யாரைக் கேட்டு என்னைத் தொட்டீங்க? ஒரு மனுஷனை அவன் ஒப்புதல் இல்லாம தொடக் கூடாதுங்கிறது அடிப்படை விதி. ரபாப், எழுதிக்கோ. பங்கேற்பாளர், குழுத் தலைவரை, முன் அறிவிப்பின்றி…"

ரபாப் எழுதவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய வலது கை மட்டும் ரிஃபாத்தின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தது. விதியைச் சொல்லி முடித்த பிறகும் அது விடவில்லை.

ரிஃபாத் குனிந்து, மெல்ல அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்.

"விடுங்க டாக்டர். நான் போறேன். எனக்குப் பயமா இருக்கு."

பேராசிரியர் மற்ற இருவரையும் ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு அவர்களுக்குக் கேட்காதபடி, கிட்டத்தட்ட உதட்டசைவாகவே சொன்னார்.

"எனக்கும்தான். கொஞ்ச நேரம் இருங்க."

ரிஃபாத் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.